நாலரை மணிப் படகு

போட்டோ நல்லா இருக்குதுங்களா தம்பி? எட்டிப் பாத்ததுல தப்பில்லீங்க. போனைக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தா பக்கத்து சீட்டுக்காரரு பாக்கத்தான் செய்வாரு. கடல்தானுங்க. ராமேஸ்வரம், கன்னியாகுமரி இல்லீங்க, இது ஆஸ்திரேலியாவுக்கும் அந்தப்பக்கம். நடுவுல வெள்ளையா தீப்பெட்டியாட்ட ஒண்ணு தெரியுதுங்களா? அது கப்பலுங்க. பதினாலு மாடி. அதுலதான் நானும் என்ற வீட்டுக்காரியும் போனோம். போன வருசம் மார்கழி.

நானே எடுத்த போட்டோ. கை ஆடாம எடுத்திருக்கறேன். எழுபத்திரண்டு வயசுல, மலை ஏறி, மூச்சு வாங்காம.

சேலம் போறீங்களா? சரி, சரி. இவன் உருட்டற உருட்டுக்கு மத்தியானச் சோத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க. கோபியில எட்டேகாலுக்கு எடுக்க வேண்டிய பஸ்ஸுங்க. எட்டு இருவத்தி மூணுக்கு எடுத்தான். நான் வாட்சைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். முப்பத்தி மூணு வருசம் ஹைஸ்கூல்ல டிரில் வாத்தியாரா இருந்தவனுங்க நான். நாச்சிமுத்து சாருன்னு கோபியில யாரை வேணும்னாலும் கேளுங்க. ஒரு நாள் லேட்டாப் போனதில்லை. என்ற கல்யாணத்துக்கே பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எறங்கறதுக்கு முன்னாடி நான் மணவறையில உக்காந்திருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். டைம்னா டைமு.

அவ அப்படி இல்லீங்க. பூவாத்தா. என்ற வீட்டுக்காரி. எங்க போனாலும் பத்தடி பின்னாடிதான் வருவா. நாப்பத்தஞ்சு வருசம் நான் திரும்பித் திரும்பிப் பாத்து "வா, வா"ன்னு சொன்னதுலயே என்ற கழுத்து இந்தப்பக்கம் திரும்பிப் போச்சு. யாராச்சும் பேசுனா நின்னுக்குவா. யாரும் பேசலைன்னா இவளாப் போய்ப் பேசுவா. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கறவ ஊரு, பேரு, புள்ளை எத்தனைன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள நமக்கு பஸ்ஸு போயிரும்.

பையன் ஒருத்தன்தானுங்க. பூபதி. சிட்னியில கம்ப்யூட்டர் வேலை. நாங்க அங்க போயி மூணு மாசம் இருந்தப்ப அவன்தான் சொன்னான்: "அம்மா கப்பலே ஏறுனதில்லை, கப்பல்ல ஒம்பது நாள் போயிட்டு வாங்கப்பா, எனக்கு லீவு கெடைக்காது, நீங்க ரெண்டு பேரும் போயிருவீங்களா?"ன்னான். எனக்கென்னங்க? இங்கிலீசு தண்ணி பட்ட பாடு. எங்க ஸ்கூலுக்கு மண்டல விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்தப்ப ஹெட்மாஸ்டரே பேச முடியாம என்னைத்தான் முன்னாடி தள்ளிவிட்டாரு. அவ மட்டும் பூபதியைத் தனியாக் கூட்டிட்டுப் போயி என்னமோ சொன்னா. என்னன்னு கேட்டேன். படி ஏறுனா நெஞ்சைப் புடிக்குதுன்னு சொன்னாளாம். அவன் டாக்டர்கிட்டப் போலாம்னான். நாந்தான் தடுத்தேன். நடக்காம உக்காந்தே இருந்தா நெஞ்சைப் புடிக்காம என்ன பண்ணும்? கப்பல்ல மேல் மாடியில நடக்கறதுக்குன்னே பாதை போட்டிருக்கான், அங்க நடந்தா எல்லாம் சரியாப் போகும்னு சொன்னேன். தப்புங்களா? உலகத்துல எந்த டாக்டரும் நடக்காதேன்னு சொல்லமாட்டானுங்க.

நாலாம் நாள் காலையில ஒரு தீவு வந்துச்சுங்க.

பேரு வாயில நுழையாது. நான் எத்தனை தடவை சொல்லிப் பாத்தும் வரலை. சின்னத் தீவு. கப்பல் கிட்டப் போக முடியாதாம், ஆழம் பத்தாது. அதனால கடல்லயே நிறுத்திட்டு, சின்னப் படகுல எறக்கி எறக்கிக் கரைக்கு அனுப்புனாங்க. திரும்பறதுக்குக் கடைசிப் படகு நாலரை மணி. அதுக்கு மேல வந்தா உங்களை உட்டுட்டுப் போயிருவோம்னு மைக்குல சொன்னாங்க. எனக்கு அதைக் கேட்டதும் சந்தோசமா இருந்துச்சு தம்பி. உலகத்துல ஒருத்தனாவது டைமை மதிக்கறானேன்னு.

ஒம்பதரைக்குக் கரையில கால் வெச்சோம். நான் முதல் படகு. என்ன இருக்குது அங்க? ஒண்ணும் இல்லீங்க. ஒரு மரப்பாலம், ஒரு சர்ச்சு, தகரம் போட்ட நாலு கடை. ஒரே ரோடு. கருப்பா, வாட்டசாட்டமா ஜனங்க, ஆம்பளைங்களே பூப்போட்ட சட்டை போட்டிருந்தாங்க. பாய், சங்கு, பாசிமணின்னு பரப்பி வெச்சிருந்தாங்க. நான் கப்பல்லயே மேப்பு வாங்கி வெச்சிருந்தேன். மலை மேல ஒரு வெளக்குக் கோபுரம். கப்பலுக்கு வெளக்குக் காட்டறது. அங்கிருந்து பாத்தா தீவு மொத்தமும் தெரியும்னு போட்டிருந்துச்சு. ஏறி எறங்க ரெண்டு மணி நேரம். பன்னெண்டுக்கெல்லாம் திரும்பி வந்து படகு ஏறி, கப்பல்லயே சாப்பிட்டுக்கலாம்னு கணக்கு.

திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்.

எங்கன்னு தேடுனா, ஒரு பெரிய மரத்தடியில ஏழெட்டுப் பொம்பளைங்க உக்காந்து தேங்காய் துருவிட்டு இருந்தாங்க. நம்மூரு மாதிரியே பலகை, அதுல பல்லு வெச்ச இரும்பு. ஒருத்தியை எழுப்பி உட்டுட்டு இவ உக்காந்துட்டாளுங்க! சேலையை இழுத்துச் சொருவிட்டு, மூடியைப் புடிச்சு, கரகரன்னு துருவறா. அந்தப் பொம்பளைங்க கைதட்டி ஒரே சிரிப்பு. ஒருத்தி இவ காதுல ஒரு வெள்ளைப் பூவைச் சொருவிவிட்டா. இவ தமிழ்ல என்னமோ சொல்றா, அவங்க அவங்க பாசையில என்னமோ சொல்றாங்க, நடுவுல நடுவுல எல்லாரும் சிரிக்கறாங்க. என்னத்தைக் கண்டு சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னை வரைக்கும் தெரியாது.

என்னைப் பாத்துட்டு, "ஏனுங்க, இங்க வாங்க, இந்த ஊரு பேரு என்னன்னு தெரியுங்களா?"ன்னு கேட்டு, அந்தப் பேரைச் சொன்னா. அவ சரியாச் சொன்னாளுங்க. அந்தப் பொம்பளைங்க தலையை ஆட்டுனாங்க. "நாளைக்கு மறக்கப்போற பேரு நமக்கெதுக்கு, எந்திரி"ன்னேன்.

"நீங்க போயிட்டு வாங்களேன். நான் இங்கயே இருக்கறேன். கஞ்சி மாதிரி என்னமோ காய்ச்சறாங்க, சாப்பிட்டுப் போகச் சொல்றாங்க."

"தேங்காய் துருவறதுக்கா கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தேன்? தேங்காய் கோபியில கெடைக்காதா?"

அவ எந்திரிச்சுட்டா. எதிர்த்துப் பேசமாட்டாளுங்க, அது மட்டும் நல்ல பழக்கம். அந்தப் பொம்பளைங்க என்னைப் பாத்த பார்வை எனக்குப் புடிக்கலை. பாசை தெரியாதவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது.

மலை பெரிய மலையெல்லாம் இல்லீங்க. நம்ம பவளமலையை விடக் கொஞ்சம் உசரம், அவ்வளவுதான். வெயில் மட்டும் சுள்ளுன்னு. கொஞ்ச தூரம் போனதும் "நில்லுங்க"ன்னா. நின்னேன். மறுபடி "நில்லுங்க"ன்னா. மறுபடி நின்னேன். மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. வேர்த்தா நல்லதுன்னு சொன்னேன். இடது கை வலிக்குதுன்னா. பையை அந்தக் கையில வெச்சிருந்தா, அதனால வலிக்கும்னு நெனச்சு, பையை நான் வாங்கிக்கிட்டேன். அதையும் சொல்லோணும்ல? பையை நாந்தான் வாங்கித் தூக்கிட்டுப் போனேன்.

பாதி தூரத்துல ஒரு பாறை. அதுல உக்காந்துட்டா. "என்னால முடியலீங்க, நீங்க போயிட்டு வாங்க"ன்னா.

"தண்ணி குடி, நெழல்ல இரு, பத்து நிமிசத்துல வந்தர்றேன்"னு சொல்லிட்டு ஏறுனேன். தண்ணி பாட்டில் பையிலதான் இருந்துச்சு. பை என்ற தோள்ல இருந்துச்சு. அது எனக்கு மேல போனப்பறம்தான் தெரிஞ்சுது.

மேல போனா, என்னத்தைச் சொல்றது தம்பி, நாலு பக்கமும் நீலம். அப்ப எடுத்ததுதான் இந்தப் போட்டோ. பன்னெண்டு அஞ்சுன்னு டைம் அதுலயே இருக்குது. அங்க ரெண்டு மூணு வெள்ளைக்காரங்க நின்னாங்க, நம்ம கப்பல்காரங்கதான். எத்தனை வயசுன்னு கேட்டாங்க. சொன்னேன். நம்பமாட்டேன்னுட்டாங்க. அதுல ஒருத்தன் என்னை விடப் பத்து வயசு சின்னவன், குச்சி ஊனிட்டு வந்திருக்கறான். சும்மா உடுவனா? பையைக் கீழ வெச்சுட்டு இருவது தண்டால் எடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் அவங்க எண்ணிக் கைதட்டுனாங்க. நம்ம நாட்டுப் பேரைக் காப்பாத்தோணும்ல?

பத்து நிமிசம்தானுங்க இருந்தேன். இருவது இருக்கலாம்.

எறங்கி வந்து பாத்தா, பாறையில சாஞ்ச மாதிரி கெடந்தா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. காதுல அந்தப் பூவு அப்படியே இருந்துச்சு. "என்ன பூவாத்தா?"ன்னேன். உதடு மட்டும் அசைஞ்சுது.

நான் சத்தம் போட்டேன் தம்பி. கிரவுண்டு முழுக்கக் கேக்கற தொண்டைங்க இது. கீழ அந்தத் தேங்காய்ப் பொம்பளைங்க வரைக்கும் கேட்டிருக்குது. அவங்கதான் மொதல்ல ஓடி வந்தாங்க. அப்பறம் அவங்க வீட்டு ஆம்பளைங்க வந்து, பாயில போட்டுத் தூக்கி, ஒரு பழைய ஜீப்புல வெச்சுக் கொண்டுபோனாங்க. ஆசுபத்திரின்னு பேரு. நம்மூரு ஆரம்ப சுகாதார நிலையம் இதுக்கு மேலு. நாலு கட்டிலு. டாக்டர் வேற தீவுக்குப் போயிட்டாராம், ஒரு நர்ஸம்மா மட்டும் இருந்தா. பூபதி வயசுதான் இருக்கும். நல்ல புள்ளை. மூக்குல காத்துக் குழாயை வெச்சு, ஊசி போட்டு, "ஹார்ட்டு, ஹார்ட்டு"ன்னா.

கப்பலுக்குச் சொல்லி அனுப்பி, கப்பல் டாக்டர் படகுல வந்தாரு. பாத்துட்டு என்னை வெளிய கூட்டிட்டுப் போனாரு. "கப்பல்ல ஏத்த முடியாது, அசைச்சா உசுருக்கு ஆபத்து. பெரிய ஆசுபத்திரி இருக்கற எடத்துல இருந்து வெமானம் வரும். ஆனா இங்க எறங்கற தரையில வெளக்கு இல்லை, நாளைக்கு விடிஞ்சுதான் வரும். அதுவரைக்கும் நீங்க கூட இருங்க"ன்னாரு.

நான் கேட்டேன், "கப்பல் ஒரு நாள் நிக்காதுங்களா?"ன்னு. மூவாயிரம் பேரு இருக்கறாங்க சார்னாரு. நிக்கட்டுமே! மூவாயிரம் பேருக்கு என்ன தலை போற அவசரம்? எல்லாம் சூதாடறதும் கூத்தடிக்கறதும்தான். ஒரு பொம்பளை உசுருக்கு ஒரு நாள் நிறுத்தமாட்டீங்களான்னு இப்பவும் கேப்பேன். பூபதிகிட்டயும் அதைத்தான் கேட்டேன். கேஸ் போடுடான்னேன். கேஸ் போடுன்னதுக்கு என்னை மொறைச்சான்.

வெமானம் ஏற பாஸ்போர்ட்டு வேணுமாம். ரெண்டும் கப்பல்ல எங்க ரூமு இரும்புப் பெட்டியில இருந்துச்சுங்க. அதுக்கு நம்பரு எனக்குத்தான் தெரியும். நம்பரைச் சொல்லுங்க, நாங்க எடுத்து அனுப்பறோம்னாங்க. யாருகிட்டயோ நம்பரைச் சொல்ல முடியுங்களா? நானே போறேன்னேன். மாத்திரை எடுக்கோணும், அவளுக்கு மாத்துத்துணி எடுக்கோணும். மூணு மணிக்குப் போனா, நாலரைக்குக் கப்பல்ல இருந்து கரைக்கு வர்ற கடைசிப் படகுல திரும்பிரலாம். என்ற கணக்குல தப்பே இல்லை.

கட்டில்கிட்டப் போயிச் சொன்னேன். கண்ணைத் தொறந்து பாத்தா. குழாயை வெச்சுட்டுப் பேசுனா சரியாக் கேக்கலை, குனிஞ்சேன். "மாத்திரை டப்பா மேசை மேல இருக்குதுங்க. உங்களதும் அதுலதான் இருக்குது. பொழுதாக மறக்காமப் போட்டுக்குங்க"ன்னா. பொழுதாகறதுக்குள்ள நாந்தான் வந்துருவனே, எதுக்கு இவ இப்படிச் சொல்றான்னு நெனச்சேன். "அரை மணி நேரத்துல வந்தர்றேன்"னேன். தலையை ஆட்டுனா.

கப்பலுக்குப் போயி, ரூமைத் தொறந்து, ரெண்டு பை எடுத்து வெச்சேன். அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஏன் ரெண்டா எடுத்தேன்னு பூபதி கேட்டான். ரெண்டு பேருன்னா ரெண்டு பைதானே? அவ சேலையெல்லாம் கட்டில் மேல கெடந்துச்சு. மடிச்சேன். எனக்குச் சேலை மடிக்க வராதுங்க, கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு சேலை மடிச்சதில்லை. முந்தானை எங்க, ஓரம் எங்கன்னே தெரியலை. ஒண்ணை மடிச்சு, புடிக்காமப் பிரிச்சு, மறுபடி மடிச்சேன். அஞ்சு சேலையும் மடிச்சேன். ஆசுபத்திரியில கெடக்கறவளுக்கு அஞ்சு சேலை எதுக்குன்னு கேப்பீங்க. பூபதியும் கேட்டான்.

நடுவுல கப்பல் போன்ல பூபதிகிட்டப் பேசுனேன். ஒரே இரைச்சல், அவன் சொன்னது ஒண்ணும் கேக்கலீங்க. "என்ன ஆனாலும் அம்மாவை விட்டுட்டு வந்துராதீங்கப்பா"ன்னு சொன்னது மட்டும் கேட்டுச்சு. மீதி கேக்கலை.

அந்தக் கட்டில்ல உக்காந்தேன். வெளிய பாத்தா தீவு தெரியுது. அங்க போயி எங்க படுக்கறது? சோத்துக்கு என்ன பண்றது? அந்த ஊருக்கு வீசா இருக்குதா இல்லையா? அவங்க பேசறது நமக்குப் புரியாது, நாம பேசறது அவங்களுக்குப் புரியாது. ஆயிரம் பேரை வரிசையில நிறுத்தி விசில் அடிச்சவனுங்க நான். அன்னைக்கு ரூமுக் கதவு வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து உக்காந்துட்டேன். மதியம் சாப்பிடலை, அதனாலதான் உக்காந்தேன்.

கீழ எறங்கி, படகு ஏறற வாசலுக்குப் போனப்ப நாலு முப்பத்திரண்டு.

ரெண்டு நிமிசம். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ரெண்டு நிமிசம்.

படகு போயிருக்கலீங்க. பொய் சொல்லமாட்டேன். எனக்காக நிறுத்தி வெச்சிருந்தான். வெள்ளை உடுப்புப் போட்ட ஆபீசர் ஒருத்தன், சின்ன வயசு, என்ற கையில இருந்த பையைப் பாத்தான். அவ பையை நீட்டுனேன். அவ பாஸ்போர்ட்டும் மாத்திரை டப்பாவும் அதுலதான். வாங்கிப் படகுக்காரன்கிட்டக் குடுத்தான். என்ற பை என்ற கையிலயே இருந்துச்சு. அவன் என்னைப் பாத்து, "சார், கரைக்குப் போறீங்களா, இல்லை எங்க கூட கப்பல்லயே இருக்கறீங்களா?"ங்கற மாதிரி என்னமோ கேட்டான். அவன் பேசற இங்கிலீசு வேற மாதிரிங்க, நமக்கு வெளங்காது.

நான் "யெஸ்"னேன்.

எதுக்கு யெஸ்னு அவன் ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கோணும்ல? நீங்களே சொல்லுங்க. ரெண்டு கேள்வி கேட்டதுக்கு ஒருத்தன் யெஸ்னு மட்டும் சொன்னா, எதுக்குன்னு கேக்கறதுதானே முறை? அவன் என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னான். நான் தரையைப் பாத்தேன். தரையில தண்ணி கெடந்துச்சு, வழுக்கிரும்னு பாத்தேன். அப்பறம் அவன் கையைக் காட்டுனான், படகு போயிருச்சு. கதவைச் சாத்திட்டாங்க.

கவுந்தப்பாடி தாண்டிட்டமுங்களா? இல்லை, சும்மா கேட்டேன்.

சாய்ங்காலம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். சாப்பிடாம இருந்தா எனக்கு சக்கரை எறங்கிரும். தண்டாலுக்குக் கைதட்டுனானே, அந்தக் குச்சிக்காரன் பக்கத்துல வந்து, "உங்க வீட்டம்மா எங்க?"ன்னு கேட்டான். ஓய்வு எடுக்கறாங்கன்னேன். மாத்திரை போடலீங்க. டப்பா அவ பையோட போயிருச்சு.

மறுநாள் காலையில ஆறே முக்காலுக்கு ரூமுக் கதவைத் தட்டுனாங்க. கேப்டனே வந்திருந்தாரு, தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சிருந்தாரு. அதைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. வெமானம் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முந்தி போயிட்டாளாம். எப்பவும் பின்னாடியே வர்றவ.

அடுத்த ஊருல கப்பல் நிக்க ஒரு நாள் ஆச்சு. பூபதி அங்க வந்து நின்னுட்டு இருந்தான். கப்பல்காரங்க அவன் கையில ஒரு காயிதம் குடுத்தாங்க. படிச்சான். என்கிட்ட நீட்டி, "அப்பா, இந்த வரியை மட்டும் படிங்க"ன்னான். கண்ணாடி இல்லைன்னேன். அவனே தமிழ்ல படிச்சான்: "நோயாளியின் கணவர், தன் விருப்பப்படி, கப்பலிலேயே தங்கிவிட்டார்." ரெண்டாவது தடவையும் படிச்சான். விருப்பம்னு நான் எங்கடா சொன்னேன்னேன். யெஸ்னுதானேடா சொன்னேன்னேன்.

அங்கிருந்து சின்ன வெமானத்துல ரெண்டு பேரும் அந்தத் தீவுக்குப் போனோம், அவளை எடுத்துட்டு வர. ஆசுபத்திரியில அந்தப் பொம்பளைங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க. அவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஒரு புதுப்பாய் விரிச்சுப் படுக்க வெச்சிருந்தாங்க. நான் மடிச்ச சேலையில ஒண்ணு கட்டியிருந்துச்சு. அவங்களுக்குச் சேலை கட்டத் தெரியாதில்லீங்களா, சும்மா சுத்தியிருந்தாங்க. பூபதி அதைச் சரி பண்ணப் பாத்தான், அவனுக்கும் தெரியலை.

அந்த நர்ஸம்மா கண்ணெல்லாம் வீங்கி இருந்துச்சு. பூபதி கையைப் புடிச்சுட்டுச் சொன்னா, "உங்க அம்மா கடைசி வரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. எனக்கு அர்த்தம் தெரியலை. யாரு கிட்டப் போனாலும் வாசலைப் பாத்துட்டு அதையே சொன்னாங்க. எழுதி வெச்சிருக்கறேன்"னு ஒரு துண்டுச்சீட்டு எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிச்சா.

"வந்-து-ரு-வா-ரு."

வெள்ளைக்காரங்க சொல்ற மாதிரி இழுத்து இழுத்துத்தான் சொன்னா. ஆனா வெளங்குச்சுங்க. நல்லா வெளங்குச்சு.

"இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டா. பூபதி அவளைப் பாக்கலை, என்னைப் பாத்தான். "சொல்லுங்கப்பா, உங்களுக்குத்தான் இங்கிலீசு வருமே"ன்னான்.

நான் "வாட்டர்"னேன். தண்ணின்னு அர்த்தம்னு சொன்னேன்.

அந்தப் புள்ளை மூஞ்சி அப்படியே தெளிஞ்சுபோச்சு தம்பி. "நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்! கேக்கறப்பெல்லாம் உதட்டை நனைச்சு விட்டோம். ஒரு தடவை கூட இல்லைன்னு சொல்லலை"ன்னு, அந்தப் பொம்பளைங்ககிட்டத் திரும்பி அவங்க பாசையில சொன்னா. அவங்க எல்லாரும் நெஞ்சுல கை வெச்சுத் தலையாட்டுனாங்க. பூபதி அங்கயே தரையில உக்காந்துட்டான்.

நான் என்ன தப்பு பண்ணேன்? ராத்திரி பகலாப் பாத்துக்கிட்டவளுங்க அந்த நர்ஸு. அவ மனசு நோகக்கூடாதுன்னுதானே சொன்னேன்? அதுல இருந்து என்ற பையன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்க. ஒரு வருசம் ஆகப்போகுது. சிட்னிக்குக் கொண்டுபோயி எரிச்சாங்க, மூணாம் நாள் எனக்கு டிக்கெட்டைக் கையில குடுத்து ஏர்போர்ட்டுல உட்டுட்டுப் போயிட்டான். போன் பண்ணா எடுக்கறதில்லை.

என்ன சொல்றான் கண்டக்டரு? பவானியா? பத்து நிமிசம் நிக்குமாமா, டீ குடிக்கறவங்க குடிங்கன்னு சொல்றானா?

நான் எறங்க வேண்டிய எடம் இதுதானுங்க தம்பி. டிக்கெட்டு பவானிக்குத்தான் எடுத்திருக்கறேன். பாருங்க.

பூபதி போன வாரம் ஊருக்கு வந்துட்டானாம். திருச்செங்கோட்டுல மாமனார் வீட்டுல இருக்கறான். எனக்குச் சொல்லலை. அவன் மாமனாரு நல்ல மனுசன், அவருதான் போன் பண்ணாரு. "நான் சொன்னதாச் சொல்லிராதீங்க. மாப்பிள்ளை புதன்கெழமை பத்து மணிக்குக் பவானிக் கூடுதுறை ஆத்துல அம்மா சாம்பலைக் கரைக்கறாரு. ஒரு வருசமா வீட்டுலயே வெச்சிருந்து இப்ப எடுத்துட்டு வந்திருக்கறாரு"ன்னாரு. இன்னைக்குத்தானுங்க புதன். மணி ஒம்பது நாப்பது. ஆட்டோவுல போனா அஞ்சு நிமிசம், நடந்தாலே போயிரலாம். வேட்டி கூட அதுக்குத்தான் வெள்ளையாக் கட்டிட்டு வந்தேன்.

ஆனா அவன் கூப்பிடலையே தம்பி. கூப்பிடாத எடத்துக்கு எப்படிங்க போறது? நான் போயி நின்னா, அவன் என்னைப் பாத்து எதாச்சும் பேசிட்டா, அய்யரு மந்திரத்தை நிறுத்திட்டு வேடிக்கை பாப்பாரு. கரைக்கற நேரத்துல சண்டை ஆகிப்போச்சுன்னா அவளுக்கு நல்லதுங்களா? அவளுக்காகத்தான் பாக்கறேன். நல்லபடியாக் கரைச்சுட்டுப் போகட்டும். அப்பறம் ஒரு நாள் நான் தனியா வந்து ஒரு முழுக்குப் போட்டுக்கறேன்.

என்னங்க, அதுக்குள்ள எடுத்துட்டான்? பத்து நிமிசம்னானே. கால் மணி நேரம் ஆயிருச்சுங்களா?

வேண்டாமுங்க, விசில் அடிக்கச் சொல்லாதீங்க. உக்காருங்க தம்பி. ஓடற பஸ்ஸை நிறுத்துனா எல்லாருக்கும் எடஞ்சல். உக்காருங்க.

ஆத்துப் பாலத்து மேல ஏறிட்டான். நீங்க சன்னலோரமா இருக்கறீங்க, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன். அந்தக் கூடுதுறைக் கோயில் கோபுரத்துக்கிட்ட, படித்துறையில. நெட்டையா, கண்ணாடி போட்டு, கையில எதையோ வெச்சுட்டு யாராச்சும் தண்ணிக்குள்ள நிக்கறாங்களா? தெரியலீங்களா? தூரமா இருக்குதுங்களா? சரி, உடுங்க.

ஏனுங்க கண்டக்டரு, இங்க சேலம் ஒண்ணு குடுங்க.